இடது சிலுவைக்கு ஓர் ஆள்

பெரிய வெள்ளியன்று சேசு சிலுவையில் சாவதை நடிக்கிற தோமையார்துறைப் பாஸ்காவில் மூன்று சிலுவைகள் நடுவார்கள். நடுச் சிலுவைக்கு ஆள் எடுக்கும்போது ஊரில் கைகலப்பே நடக்கும். வலது சிலுவைக்கும் போட்டி உண்டு. நல்ல கள்ளன் அல்லவா, கடைசி நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லிப் பரலோகத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவன்! இடது சிலுவைக்கு மட்டும் எவனும் வரமாட்டான். சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். சீட்டில் பெயர் விழுந்தவன் மறுநாளே காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்ட கதையெல்லாம் ஊரில் உண்டு.

சும்மாவா பயந்தார்கள்? இடது கள்ளன் வேடம் கட்டுகிறவனுக்கென்று ஊர் சில முறைகளை வைத்திருந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் யாரும் அவனோடு பந்தியில் உட்கார மாட்டார்கள். பெரிய வெள்ளியன்று அவன் சிலுவையைத் தாண்டிப் போகிற பெண்கள் ஒரு பிடி மணலை அள்ளி அதன் அடியில் எறிவார்கள். நாடகம் முடிந்ததும் சேசுவை இறக்கிப் பவனியாகக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். வலது கள்ளனையும் கட்டவிழ்த்துக் கூட்டிப் போவார்கள். இடது கள்ளன் அப்படியே தொங்க வேண்டியதுதான். பவனி கோயிலுக்குள் போன பிறகு இரண்டு பேர் திரும்பி வந்து அவனை இறக்குவார்கள். அதுவரை கடற்கரையில் அவனும் காக்கைகளும் மட்டும்தான்.

அப்படிப்பட்ட வேடத்தை எட்டு வருடமாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார் இஞ்ஞாசி. அவர் சொன்ன காரணம் ஊருக்கே மனப்பாடம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஐப்பசிப் புயலில், இஞ்ஞாசியும் கஸ்பாரும் போன வள்ளம் கவிழ்ந்தது. மறுநாள் மத்தியானம் காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த இஞ்ஞாசியை மட்டும் வேறு வள்ளத்துக்காரர்கள் தூக்கி வந்தார்கள். பேச்சு வந்ததும் அவர் சொன்னது இதுதான்: "கேனு கஸ்பார் கையிலதான் இருந்துது. 'அண்ணே, எனக்குப் பிள்ள குட்டி கெடையாது, ஒமக்கு மூணு கெடக்கு, நீரு புடிச்சிக்கிடும்'னு எம் பக்கம் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டான்." கேட்டவர்கள் கதறிவிட்டார்கள். பங்குச் சாமியார் அதை வைத்து மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். கோயில் கூடத்தில் கஸ்பாரின் படத்தை மாட்டி, கீழே அந்த வார்த்தையைத் தங்க நிறத்தில் எழுதி வைத்தார்கள். அடுத்த தபசு காலத்தில் இஞ்ஞாசி எழுந்து நின்று, "அவன் குடுத்த உசுருக்கு நன்றியா, யாரும் எடுக்காத வேசத்த நான் எடுக்கேன்" என்றார். அதற்கும் ஊர் அழுதது. செய்ததற்குப் பரிகாரம் தேடிப் போன மனிதருக்கு, பாவம், அதிலும் நல்ல பேர்தான் கிடைத்தது.

ஏனென்றால் கஸ்பார் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. கேன் இருந்தது இஞ்ஞாசியின் கையில். கஸ்பார் பிடித்திருந்தது இஞ்ஞாசியின் இடது கணுக்காலை. கேன் இரண்டு பேரைத் தாங்கவில்லை. இஞ்ஞாசி மூன்று முறை உதைத்தார். மூன்றாவது உதையில் பிடி விட்டது.

வெளியூர்க் கோயில் ஒன்றில், முகம் தெரியாத சாமியாரிடம், ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தார். "கடவுள் மன்னிச்சிருவாரு. ஆனா அந்தப் பொம்பளகிட்ட நீங்க சொல்லணுமே" என்றார் சாமியார். சரி சாமி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறி வந்தவர்தான். சொல்லவில்லை.

அந்தப் பொம்பளை கஸ்பாரின் மனைவி பிரகாசி. கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். இஞ்ஞாசியை அண்ணே என்பாள், அவர் மனைவி பாக்கியத்தை மைனி என்பாள். ஊரே கஸ்பார் படத்துக்கு மெழுகுதிரி ஏற்றும், அவள் ஏற்றமாட்டாள். கல்லறைத் திருநாளுக்கு அவன் பெயர் எழுதிய சிலுவைப் பக்கம் போகமாட்டாள். நெஞ்சழுத்தக்காரி என்று ஊர் பேசியது. இஞ்ஞாசியும் அது துக்கம் என்றுதான் நினைத்திருந்தார். ஒருநாள் அடுப்படியில் பாக்கியத்தோடு மீன் ஆய்ந்துகொண்டே அவள் பேசியதை உள்ளறையிலிருந்து கேட்டார்.

"பிள்ள இல்லன்னா வீட்டுல ஆளே இல்லன்னு அர்த்தமா மைனி? அப்ப நான் யாரு அவருக்கு? பதிமூணு வருசம் சோறு ஆக்கிப் போட்டவ. சாவப் போற நேரத்துல எனக்கு யாருமில்லன்னு சொல்லிட்டுல்லா போயிருக்காரு. ஊரு கும்புடுது, கும்புடட்டும். எனக்குக் கும்புட வரல. ஏசத்தான் வருது."

அவள் புருசனை அவளிடமிருந்து ஒரு தரம் கடலில் பிடுங்கினோம், இன்னொரு தரம் வாயால் பிடுங்கினோம் என்று அப்போதுதான் இஞ்ஞாசிக்கு உறைத்தது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். இரண்டு எட்டு வைத்தால் அடுப்படி. போகவில்லை. மூன்று பிள்ளைகள், ஊர், படம், பாக்கியத்தின் முகம் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து நின்றன.

ஆறு வருடத்துக்கு முன்னால் பாஸ்காவுக்குப் பட்டை வந்தது. பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் பெலிசியாதான் கொண்டுவந்தாள். நாற்பது வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். விரல் அகலத்தில் ஒரு ரப்பர் பட்டை, அதைப் பிடரியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நடிக்கிறவர் பிடரியில் ஒன்று, பார்க்கிறவர் பிடரியில் ஒன்று. பாஸ்காவை நடத்துகிற மிக்கேல் அண்ணாவி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, மந்திரமா பிள்ள?"

"மந்திரமில்ல அண்ணாவி. சேசுவா நடிக்கிறவருக்குத் தோள்பட்ட வலிச்சா, மணல்ல உக்காந்திருக்கிறவங்களுக்கும் தோள்பட்ட வலிக்கும். முழுசா இல்ல, நாலுல ஒரு பங்கு. அதுக்கு மேல விடக் கூடாதுன்னு சட்டம்."

"அப்ப மனசுல நெனக்கிறதும் தெரிஞ்சிருமோ?" என்று கேட்டது இஞ்ஞாசி.

"நெனப்பு வராதுண்ணே. ஒடம்பு மட்டுந்தான். ஆனா ஒண்ணு, புளியங்காய நெனச்சா வாயி ஊறுதுல்லா? அந்த ஊறுறது வரும். நாய் கடிச்சத நெனச்சா கடிச்ச எடம் கூசுதுல்லா? அதுவும் வரும். நெனப்பு ஒடம்புல எறங்கிட்டுன்னா மாட்டுனவனுக்கும் எறங்கும்."

பட்டையில் நான்கு பொத்தான்கள். சேசு, மாதா, வலது, இடது. யாருடைய உடம்பு வேண்டுமோ அதை அழுத்திக்கொள்ளலாம்.

முதல் வருடமே கடற்கரை அமர்க்களப்பட்டது. கடலில் கை அறுந்தாலும் சத்தம் போடாத மனிதர்கள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒரு பெருங்குடிகாரன் மூன்று மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். அடுத்த வருடம் வெளியூர்களிலிருந்து வேன் போட்டு வந்தார்கள். போன தடவையைவிட இந்தத் தடவை வலி குறைச்சல் என்று புகார் சொல்கிற கூட்டமும் கிளம்பிற்று. "சாமி பட்ட பாட்டப் பாக்க வாரானுவளா, ராட்டினம் ஏற வாரானுவளா?" என்று அண்ணாவி எரிந்து விழுவார்.

நாடகம் முடிந்ததும் பெலிசியா, பட்டைகளை இணைக்கிற தன் பெட்டியைப் பார்த்து ஆள் கணக்குச் சொல்வாள். "சேசு மூவாயிரத்துச் சொச்சம். மாதா எண்ணூறு. வலது கள்ளன் நானூத்திப் பன்னெண்டு. எடது கள்ளன்... முட்டை!" எல்லோரும் சிரிப்பார்கள். இஞ்ஞாசியும் சிரிப்பார். மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொல்வார்.

காரணம் இருந்தது. சிலுவையில் ஏற்றியதும் அவருடைய கணுக்கால்களைக் கயிற்றால் சுற்றிக் கட்டுவார்கள். கயிறு இறுகியதும் கடல் வந்துவிடும். உப்புத் தண்ணீர், கை வழுக்கும் கேன், காலில் அந்தப் பிடி. வருடம் முழுக்க மூடி மூடி வைத்திருப்பதை அந்த ஒன்றரை மணி நேரம் திறந்து விடுவார். மூவாயிரம் பேர் நடுவில் தொங்கிக்கொண்டு, ஒருத்தருக்கும் தெரியாமல் அழலாம். வேடம்தானே என்று நினைத்துக்கொள்வார்கள். ஊரில் அவ்வளவு பத்திரமான இடம் வேறு இல்லை.

இந்த வருடப் பெரிய வெள்ளி நல்ல வெயில். மூன்று மணிக்குச் சிலுவைகள் ஏறின. இஞ்ஞாசிக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகிறது, தோள் முன்னைப் போல் இல்லை. காதுக்குள் சின்னக் குமிழ் ஒன்று வைத்திருந்தார்கள், வசனம் மறந்தால் அண்ணாவி அதில் எடுத்துக் கொடுப்பார். கீழே மணலில் குடைகளும் முந்தானைகளும் துண்டுகளுமாகத் தலைகள். முகம் ஒன்றும் அடையாளம் தெரியவில்லை.

அவர் முறை வந்தது. தலையைத் திருப்பி நடுச் சிலுவையைப் பார்த்து, தொண்டை கிழிய ஏளனம் செய்தார். "நீ கிறிஸ்துவா? அப்படின்னா எறங்கு பாப்பம்! ஒன்னையும் காப்பாத்திக்க, எங்களையும் காப்பாத்து!" கூட்டம் முணுமுணுத்தது. ஒரு கிழவி கீழேயிருந்து மண்ணை வாரித் தூற்றினாள். வலது கள்ளன் ஜெரோம் வழக்கம்போல் உருகிய குரலில் ஆரம்பித்தான். "உனக்குக் கடவுள் பயம் இல்லையா? நமக்கு இது தகும்..."

அப்போதுதான் காதில் பெலிசியாவின் குரல் கேட்டது. சந்தோசம் பொங்கியது அதில்.

"இஞ்ஞாசிண்ணே, இன்னிக்கு ஒமக்கும் ஒரு ஆளு வந்திருக்கு! முட்டை ஒடஞ்சிட்டு! யாருன்னு சொல்லட்டா? பிரகாசியக்கா. தானா வந்து எடதுன்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு."

இஞ்ஞாசி வாயைத் திறந்தார். எதிரில் மைக் இருந்தது, பேசினால் கடற்கரை முழுக்கக் கேட்கும். வாயை மூடிக்கொண்டார்.

நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. ஐயோ, இந்த அடியே அவளுக்குப் போகுமே! மூச்சை அடக்கிப் பார்த்தார். அடக்கினால் தண்ணீருக்குள் முங்கினது போலாயிற்று. வேறு எதையாவது நினை, வேறு எதையாவது நினை. மூத்த மகள் நர்ஸ் வேலைக்குப் போனது. வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியது. பாக்கியம் காலையில் காய்ச்சின கஞ்சி. கஞ்சியில் உப்பு. உப்பு என்றதும் வாயெல்லாம் உப்பாயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலில்தான் வந்து விழுந்தார். கணுக்காலில் கயிறு இறுகிக்கொண்டே போனது போலிருந்தது. கீழே அத்தனை தலைகளில் எந்தத் தலை அவளுடையது, எந்தக் குடைக்கு அடியில் ஒரு பெண் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தேடித் தேடிக் கண் எரிந்தது.

ஒத்திகையில் ஒருநாள் அண்ணாவி சொன்னது ஞாபகம் வந்தது. "மத்தேயு சுவிசேசத்துல ரெண்டு களவாணியுந்தான் ஏசுதானுவ. லூக்காஸ்லதான் ஒருத்தன் திரும்புதான். ரெண்டும் நெசம்னா, நல்லவனும் மொதல்ல ஏசுனவன்தான். நடுவுல எப்பவோ வாய மூடிட்டு யோசிச்சிருக்கான்." அப்படியானால் இடது கள்ளன் என்ன ஆனான் என்று இஞ்ஞாசி கேட்டார். "அவன் அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. பேசாதவன் மனசு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அண்ணாவி அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

சேசு உயிர் விட்டார். கடற்கரை முழுக்க ஒரு விம்மல் எழுந்து அடங்கியது. அடுத்தது கள்ளர்களின் காலை முறிக்கிற காட்சி. போர்ச்சேவகன் வேடக்காரன் வாழைமட்டையோடு வந்தான். அடித்தால் சத்தம் படாரென்று வரும், வலிக்காது. வலது கள்ளன் காலில் அடித்தான். ஜெரோம் அலறித் தலை சாய்த்தான். பிறகு இந்தப் பக்கம் வந்தான்.

மட்டை இடது காலில் விழுந்ததும் இஞ்ஞாசியின் கால் கட்டுக்குள்ளேயே உதைத்தது. ஒன்று. அவர் உதைக்கச் சொல்லவில்லை, அதுவே உதைத்தது. இரண்டு. கயிறு தோலை உரித்தது. மூன்று. பிறகு கணுக்காலைச் சுற்றி ஒன்றுமே இல்லாதது போல் ஒரு வெறுமை. அன்றும் அப்படித்தான் இருந்தது. உதைத்ததைவிட, அதன் பிறகு கால் லேசானதைத்தான் அவரால் ஒன்பது வருடமாகத் தாங்க முடியவில்லை.

போச்சு. எல்லாம் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையைச் சாய்த்துச் செத்தவர் போல் தொங்கினார். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி மார்பில் சொட்டியது. "இன்னிக்கு ரொம்ப நல்லா வந்திருக்குவே" என்று காதில் அண்ணாவி மெச்சினார்.

மைக்கை அணைத்துவிட்டுச் சேசுவை இறக்கினார்கள். வெள்ளைத் துணியில் கிடத்திப் பவனி கிளம்பியது. பெரிய வெள்ளியன்று மணி அடிக்கக் கூடாது. மரப்பலகையைத் தட்டிக்கொண்டு முன்னால் இரண்டு பேர் போனார்கள். வலது கள்ளன் இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பின்னால் போனான். பெலிசியாவும் பெட்டியை அணைக்காமல் அப்படியே போட்டுவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள். பலகைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து கோயில் பக்கம் போனது. கடற்கரை காலியாயிற்று.

காலியான மணலில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, புடவையை உதறி, சிலுவையை நோக்கி வந்தாள்.

பிரகாசிதான். சிலுவையடியில் வந்து நின்றபோது அவள் முகத்துக்கு நேரே அவருடைய கால்கள் இருந்தன. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"தண்ணி கொண்டாந்தேன். மேல எட்டாதே" என்றாள். கையில் பாட்டில் இருந்தது.

"பிரகாசி..."

"ஏன்ணே இப்படி அழுதீங்க? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. நான் வேற ஒங்களப் போட்டுப் பாடாப் படுத்திட்டனோன்னு இருந்துது. பெலிசியா வந்து சொன்னா, நான் மாட்டுனத ஒங்க காதுல சொல்லிட்டதா. எனக்கு வெக்கமாப் போச்சு."

அவர் கழுத்தை வளைத்து அவள் பிடரியில் பட்டையைத் தேடினார்.

"ரெண்டு நிமிசம்கூட மாட்டலண்ணே. அந்த மனுசன் உசுரக் குடுத்துக் காப்பாத்துன ஒடம்பாச்சே, அது எப்படித்தான் இருக்குன்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஒரு இது. பொண்டாட்டியவிடப் பெருசாப் போன ஒடம்பாச்சே. மாட்டுன ஒடனே நெஞ்சு அடிச்சுது பாருங்க, யம்மா! அடுத்த வீட்டு சன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி இருந்துது. தப்புன்னு தோணிட்டு. அப்பவே கழத்தி மடியில வச்சிட்டேன். அணைக்கத் தெரியல, அதான் அவ பெட்டியில ஒண்ணுன்னே காட்டிருக்கு."

கழற்றிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மட்டை அடித்ததும் தெரியாது, கால் உதைத்ததும் தெரியாது. இஞ்ஞாசியின் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. தப்பித்தோம். இறங்கி வீட்டுக்குப் போகலாம், பாக்கியம் வெந்நீர் வைத்திருப்பாள், அடுத்த வருடம் வேடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. உடனே அது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கஸ்பாரின் கை விட்டதும் கால் லேசாயிற்றே, அதே நிம்மதி.

"சரிண்ணே, ஆளு வருவாங்க. பாட்டில இங்க வைக்கேன்." குனிந்து மணலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பிரகாசி, நில்லு."

நின்றாள்.

"அந்த வார்த்தைய கஸ்பார் சொல்லல."

"எந்த வார்த்தைய?"

"எனக்குப் பிள்ள குட்டி கெடையாது, ஒமக்கு மூணு கெடக்குன்னு... அது நான் கட்டுன கத. கேனு என் கையிலதான் இருந்துது. அவன் என் காலப் புடிச்சிருந்தான். ரெண்டு பேரு பாரத்துக்குக் கேனு முங்குச்சு. நான் அவன ஒதச்சேன்."

கடல் இரைந்துகொண்டிருந்தது. அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

"எத்தன வாட்டி?" என்றாள்.

"மூணு."

"அவரு விடலியா?"

"அவனா விடல. மூணாவது ஒதைக்குத்தான் பிடி வழுக்கிட்டு."

"பின்ன அவரு என்னதான் சொன்னாரு?"

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டார். இதை வெளியூர்ச் சாமியாரிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. "'வீட்டுக்குப் போவணும்ணே'ன்னான். ரெண்டு தரம் சொன்னான். 'விட்டுராதீரும்ணே, வீட்டுக்குப் போவணும்'."

பிரகாசி ஓங்கி அவர் முழங்காலில் அறைந்தாள். கை வலிக்க வலிக்க மறுபடி அறைந்தாள். பிறகு சிலுவை மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, பெருங்குரலெடுத்து அழுதாள்.

"பாவி! ஒம்பது வருசம்! ஒம்பது வருசமா அந்த மனுசன நான் ஏசிட்டுல்லா இருக்கேன்! ஒரு மெழுகுதிரி கொளுத்தலியே நான். என்னய ஆளா எண்ணலன்னு, ஒரு நாளாச்சும் நல்ல வார்த்த சொல்லலியே. வீட்டுக்குப் போவணும்னாரா? எங்கிட்ட வரணும்னுல்லா சொல்லிருக்காரு..."

"என்னய மன்னிச்சிரு தங்கச்சி."

"அந்தப் பேச்சு இப்ப பேசாதீரும்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "நாளைக்கு ஊரு கூடுறப்ப இத வாயத் தொறந்து சொல்லுவீரா?"

"சொல்லுதேன். நீ கேக்காட்டாலும் சொல்லுதேன்."

அவள் அவர் கால்களைப் பார்த்தாள். கயிறு உரித்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"எந்தக் காலு?"

"எடது."

மடியில் கைவிட்டுப் பட்டையை எடுத்தாள். பின்கழுத்துக் கூந்தலை ஒதுக்கி ஒட்டிக்கொண்டாள்.

"நெனச்சுப் பாரும்" என்றாள்.

"என்னத்த?"

"அவரு புடிச்சத."

இஞ்ஞாசிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பதறினார். "வேண்டாம் பிரகாசி. நான் ஒதச்சதும் சேந்து வரும். என் பயமும் வரும். என்னால அத மட்டும் பிரிக்க முடியாது."

"வரட்டும். அவரு கை கடைசியா இருந்த எடம் அது ஒண்ணுதான். சவம்கூட எனக்குக் கெடைக்கல. நெனச்சுப் பாரும்."

"நாலுல ஒரு பங்குதான் வரும்."

"வாரது வரட்டும்வே."

அவர் கண்ணை மூடினார். ஒன்பது வருடமாக அது அவரைத் துரத்தி வந்ததே தவிர, அவராக அதைத் தேடிப் போனதில்லை. இப்போது போனார். அலை தூக்கியது. கேன் வழுக்கியது. கருக்கலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீருக்கடியிலிருந்து ஒரு கை தடவித் தடவி வந்து முழங்காலைத் தொட்டு, இறங்கி, கணுக்காலைச் சுற்றி இறுகியது. வலை இழுத்து இழுத்துக் காய்த்துப் போன உள்ளங்கை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது.

கீழே பிரகாசி 'ம்ம்' என்று முனகிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

இஞ்ஞாசியின் தொடை இறுகி உதைக்கத் தயாராயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். அடுத்தது என்ன என்று உடம்புக்குத் தெரியும், அது போகப் பார்த்தது. அவர் போக விடவில்லை. முதல் உதைக்கு முந்தின நேரத்திலேயே நின்றார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கேன் முங்கட்டும், தாமும் முங்கட்டும் என்று நின்றார்.

கோயில் பக்கமிருந்து அவரை இறக்குவதற்கு இரண்டு பேர் பேசிக்கொண்டே வருவது கேட்டது. பிரகாசி கண்ணைத் திறக்காமல், தன்னுடைய இடது கணுக்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, வராதீங்க என்பது போல் தலையை ஆட்டினாள்.

"இன்னும் புடிச்சிட்டுதான் இருக்காரு" என்றாள்.